ஒற்றப்பாலம் கே.பி.எஸ். மேனன்: தோட்டத்திலிருந்து தூதரகம் வரை

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலரான கே.பி.எஸ். மேனன் 1898இல் கோட்டயத்தில் பிறந்தவர். எனினும் குடும்ப வேரும் முதுமைக்கால வாழ்வும் பாலக்காட்டு மாவட்டத்து ஒற்றப்பாலத்தோடு பிணைந்திருந்தமையால் பாரதப்புழைக் கரையின் மைந்தராகவே அவர் மதிக்கப்படுகிறார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று இந்திய ஆட்சிப் பணியின் முன்னோடியான ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்த அவர், 1897இல் காங்கிரசுத் தலைவராயிருந்த மங்கரை சர் சி. சங்கரன் நாயரின் மகளை மணந்தார்.

மேனனின் அயலகப் பணி இலங்கைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரிடையே உருப்பெற்றது என்பது தமிழர் சிறப்பாக நினைக்கத்தக்கது. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் வழி, கடல் கடந்து சென்ற இந்தியத் தொழிலாளரின் நலனைக் கண்காணிக்க இந்திய அரசு அமர்த்திய அதிகாரி ‘ஏஜண்டு’ எனப்பட்டார். தூதருக்குரிய முழு அதிகாரம் இல்லையாயினும், தோட்டங்களைப் பார்வையிட்டுக் கூலி, லயம் எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளிப்பது அவர் கடமையாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை, ரப்பர் விலை சரிந்து கூலியும் குறைக்கப்பட்ட காலத்தில் மேனன் இலங்கையின் கண்டியில் அப்பொறுப்பை வகித்தார். பின்னர் 1934இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாருக்குச் சென்று, அங்குக் கிராம்பு வணிகம் பற்றிய சட்டங்களால் இந்தியர் அடைந்த இடரை ஆராய்ந்தார்.

சீனாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக அமர்த்தப்பட்ட அவர், 1944இல் இமயத்தையும் பாமீரையும் கடந்து தரைவழியே அன்றைய சீனத் தலைநகர் சுங்கிங் சென்றார். 1947இல் அந்நாட்டுக்கான முதல் இந்தியத் தூதருமானார். 1948இல் கொரியா பற்றிய ஐ.நா. தற்காலிக ஆணையத்திற்குத் தலைமை தாங்கிய அவர், அவ்வாண்டு முதல் 1952 வரை வெளியுறவுச் செயலராகவும் பின்னர் 1961 வரை சோவியத் ஒன்றியத்தில் தூதராகவும் விளங்கினார். 1953 பிப்ரவரி 17 அன்று ஸ்டாலினைச் சந்தித்து உரையாடினார்; அடுத்த மார்ச் 5 அன்று ஸ்டாலின் மறைந்தார். ஸ்டாலினை இறுதியாகக் கண்ட அயல்நாட்டவருள் ஒருவராக மேனன் வரலாற்றில் இடம்பெற்றார்.

1958இல் பத்மபூஷண் பெற்ற அவர் 1982இல் மறைந்தார். மகன் இளைய கே.பி.எஸ். மேனனும் பேரர் சிவசங்கர் மேனனும் பிற்காலத்தில் அதே வெளியுறவுச் செயலர் பதவியை வகித்தனர். தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்துவரும் கேரளத்தில், மேனனை மாஸ்கோவின் தூதராக மட்டுமன்றிக் கண்டியின் ஏஜண்டாகவும் இளைய தலைமுறைக்குக் கற்பிப்பது நம் கல்வி நிலையங்களின் கடமையாகும்.