கேட்டுக்கு வெளியே ஒரு மைல் கல்

நம் மெயின் கேட்டை விட்டு இடது பக்கம் திரும்பினால், இஸ்திரி வண்டிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலும் இருந்திருக்கலாம். சாப்பாடு டெலிவரிக்கு வருகிறவர்களின் பைக் பெரும்பாலும் அதை மறைத்துத்தான் நிற்கும். கல் முழுக்கச் சுண்ணாம்பு, அதன் மேல் மஞ்சள், குங்குமம். ஆடி மாதம் வந்தால் யாராவது ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் ‘அ’ என்று வெட்டியிருக்கிறது, ஆகவே அது அம்மன் கல் என்று சொல்வார்கள். பல வருடங்களாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது ‘அ’ அல்ல, எட்டு. தமிழ் எண்களில் எட்டைக் குறிப்பது ௮. பார்ப்பதற்கு அகரம் போலவே இருக்கும். போன பொங்கல் சமயத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். அதற்கு மேலே ஆங்கில ‘வி’ போல ஒரு குறியும் பக்கத்தில் மூன்று நேர்கோடுகளும் தெரிந்தன. ரோமன் எட்டு! புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலை ஏறக்குறைய எட்டு மைல். உங்கள் போனில் கோட்டைக்கு வழி போட்டுப் பாருங்கள், சுமார் 13 கிலோமீட்டர் காட்டும். எட்டை 1.6-ஆல் பெருக்கினால் அதுதான் வரும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்காக நம் தெருவில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிறார்களே, அந்தக் கோடு கல்லின் மேலேயே போகிறது.

கல் தொலைவது இப்படித்தான். யாரும் திருடிக்கொண்டு போவதில்லை. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து மைல் போய்க் கிலோமீட்டர் வந்தபோது, பழைய கற்களுக்கு வேலை இல்லாமல் போனது. அதன் பிறகு சாலையை அகலப்படுத்தும்போது சில போயின. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர உயர, மிச்சம் இருந்தவை நின்ற இடத்திலேயே புதைந்தன.

சைதாப்பேட்டையில் நான் பார்த்த கல்லை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அது மைல் கல் அல்ல, அதைவிடப் பெரிய சமாச்சாரம். பீட்டர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாரசீகத்தின் ஜுல்ஃபாவிலிருந்து மதராஸுக்கு வந்து பெரும் பணம் சேர்த்தவர். கோட்டைப் பக்கத்திலிருந்து நம் மலைக்கு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் அடையாற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. உஸ்கான் 1726-இல் சொந்தப் பணத்தில் அங்கே ஒரு பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன் என்கிறார்கள். மாம்பலம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் திரிந்து, அது ‘மார்மலாங்’ பாலம் ஆயிற்று. நம் மலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் உபயம்தான். பாலத்தைக் கட்டியதோடு நிற்காமல், அதன் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையும் ஒதுக்கிவைத்தார். கார்பஸ் ஃபண்ட் கூட்டத்துக்கு வராதவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

பாலம் கட்டிய விவரத்தைப் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழிகளில் வெட்டி, ஆற்றங்கரையில் கல் நாட்டினார்கள். 1960-களில் பழைய பாலம் போய், இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. கல் மட்டும் சாலையோரத்தில் தங்கிவிட்டது.

மெட்ரோ வேலை தொடங்குவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடிப் போனேன். டீக்கடையில் கேட்டேன், பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். “எந்தக் கல் சார்?” என்றார்கள். மூன்று முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கடைசியில், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றின் கிழிந்த மூலையில் நமக்குப் பழக்கமில்லாத எழுத்துகள் தெரிந்தன. சாலை உயர்ந்து, கல்லின் அடிப்பகுதி மண்ணுக்குள் போயிருந்தது. படிக்கிற உயரத்தில் நாட்டிய கல்லைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மைல் கல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் எழுத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கர்களுக்காகப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சின்னக் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும்.

நம் கல்லில் எட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதன் தலைக்கட்டு மட்டும் தெரிகிறது, மீதி தரைக்குள். எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார் ஏறி இறங்க வசதியாகக் கேட்டின் முன்னால் சாய்தளம் போட்டு, பக்கத்து நடைபாதையையும் சேர்த்து ஒன்றரை அடி உயர்த்தினோம் அல்லவா? கான்ட்ராக்டர் வந்து, “சார், இந்தக் கல்லை என்ன பண்றது?” என்று கேட்டார். “அப்படியே விட்டுச் சுத்திப் போடுப்பா” என்றேன். அப்போது செயலாளர் நான்தான். எடுத்துப் போடச் சொல்லவில்லை என்பது ஆறுதல். அதற்கும் ‘சாமி கல்’ என்ற பயம்தான் காரணம், சரித்திர அறிவு அல்ல.

ஆகவே பூ வைப்பவர்களை யாரும் தடுக்க வேண்டாம். இத்தனை காலம் அந்தக் கல்லைக் காப்பாற்றியது அவர்கள்தான். ஆசிட் ஊற்றிக் கழுவுவது, வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, ஆயில் பெயின்ட் அடிப்பது, இவற்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டெழுத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.

வடிகாலை இரண்டடி தள்ளித் தோண்டும்படியும், அது முடியாவிட்டால் கல்லைப் பத்திரமாக எடுத்து அதே இடத்தில் மறுபடி நாட்டும்படியும் கேட்டு அசோசியேஷன் சார்பில் கடிதம் கொடுத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியாளர் இடத்தைப் பார்க்க வருகிறார். நாலு பேராவது கூட நின்றால் நல்லது. அன்று காலை மட்டும் பைக்குகளை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு உதவியும் வேண்டும். சாய்தளம் போடுவதற்கு முன்பு கேட் அருகே எடுத்த போட்டோ யாரிடமாவது இருக்கும். கிரகப்பிரவேசம், குழந்தையின் முதல் நாள் ஸ்கூல், புது ஸ்கூட்டர், எதுவானாலும் பரவாயில்லை. ஓரத்தில் அந்தக் கல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆல்பத்தோடு பி பிளாக் இரண்டாம் மாடிக்கு வாருங்கள். கீழே இருக்கும் வரியைத் தோண்டாமலே படித்துவிடலாம்.