கிரேக்க மொழிக் கல்வி

கிரேக்கம் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் தனிக் கிளையாக நிற்கும் மொழி. கிரீசிலும் சைப்ரசிலும் ஆட்சிமொழி; ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்று. இன்று இதைப் பேசுவோர் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். பேசுவோர் தொகை இவ்வளவுதான் என்றாலும் மொழியின் எழுத்துச் சான்றுகள் 3,400 ஆண்டுகளுக்கு நீள்கின்றன. ஹோமரையும் பிளேட்டோவையும் படிக்க விரும்புவோர், புதிய ஏற்பாட்டை மூலத்தில் காண விரும்புவோர், ஏதென்ஸ் தெருவில் பேசிப் பழக விரும்புவோர் என்று பல தரப்பினரும் இம்மொழியைக் கற்கின்றனர்.

எழுத்து

கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்துகள் கிரீட் தீவின் நோசஸ், தென் கிரீசின் பைலோஸ் போன்ற அரண்மனைகளில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ளன. ஆடு, கம்பளி, எண்ணெய் ஆகியவற்றின் கணக்குகளே அவற்றில் பெரும்பகுதி. லீனியர் பி எனப்படும் அந்த எழுத்தைக் கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் படித்தறிந்து, அதிலிருப்பது கிரேக்கமே என்று காட்டினார். அரண்மனைகள் அழிந்தபின் அந்த எழுத்து வழக்கொழிந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டையொட்டிக் கிரேக்கர் பினீசிய வணிகரிடமிருந்து வேறோர் எழுத்துமுறையைக் கடன்பெற்றனர். பினீசியத்தில் மெய்களுக்கு மட்டுமே எழுத்து உண்டு. தங்கள் வாயில் வராத ஒலிகளுக்கு இருந்த குறிகளை உயிரெழுத்துகளாக மாற்றிக்கொண்டது கிரேக்கரின் பெரும் பங்களிப்பு. ஆல்பா என்னும் ‘அ’ இப்படிப் பிறந்ததுதான். இன்று வழங்கும் 24 எழுத்துகளையும் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

எந்தக் கிரேக்கம்?

தொடங்குவோர் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி இது. கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் நகரில் வழங்கிய அட்டிக் வழக்கில் சோபக்கிளீசும் பிளேட்டோவும் எழுதினர். அலெக்சாந்தரின் படையெடுப்புகளுக்குப் பின் எகிப்து முதல் பாக்டிரியா வரை பரவிய பொது வழக்கு கொய்னே எனப்படும். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கொய்னேயில் அமைந்தவை. அவற்றில் மொத்தம் 1,38,000 சொற்கள் அளவுக்கு உண்டு. ஆனால் 50 முறைக்குமேல் வரும் சொற்கள் ஏறத்தாழ 310 மட்டுமே. அவையே பனுவலின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடுகின்றன. இதனால் இறையியல் கல்லூரிகள் கொய்னேயிலிருந்தே தொடங்குகின்றன. காலம் உள்ளவர் அட்டிக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. அட்டிக் கற்றவருக்குக் கொய்னே இறக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். கொய்னே மட்டும் கற்றவர் பிளேட்டோவிடம் வரும்போது ஏற்றம் செங்குத்தாகிவிடும்.

இன்றைய கிரேக்கத்தைக் கற்பவருக்கு ஒரு பழைய சண்டையும் தெரிந்திருக்கவேண்டும். பழஞ்சொற்களைக் கொண்டு செம்மை செய்த காத்தரெவூசா நடையும் மக்கள் பேசும் திமோத்திக்கியும் நூறாண்டுக்குமேல் மோதிக்கொண்டன. புதிய ஏற்பாட்டைப் பேச்சு நடையில் பெயர்த்ததற்காக 1901-இல் ஏதென்சில் கலவரமே மூண்டது. 1976-இல் மக்கள் வழக்கு கல்வி மொழியாயிற்று. 1982-இல் பழைய மூன்று அசையழுத்தக் குறிகள் போய் ஒன்றே நின்றது. உரைநடை, மேடைப் பேச்சு பற்றிய தமிழ் விவாதங்களில் வளர்ந்தவருக்கு இந்த வரலாறு அயலானதாகத் தோன்றாது.

இலக்கணம் தமிழருக்கு எப்படி இருக்கும்?

பழைய கிரேக்கத்தின் இலக்கணம் ஆங்கில வழியில் கற்பிக்கப்படும்போதுதான் தமிழரை அதிகம் மிரட்டுகிறது. ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் பல அமைப்புகள் தமிழில் அன்றாடம் புழங்குபவை. ‘எழுதியவன்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதைக் கிரேக்கர் ‘ஹோ கிராப்சாஸ்’ என்பர். நம் வினையாலணையும் பெயரின் வேலைதான். ‘வந்து, பார்த்து, அமர்ந்து, சொன்னான்’ என்று எச்சங்களைக் கோத்து ஒரே முற்றில் முடிப்பது கிரேக்க உரைநடைக்கும் இயல்பு. சொல் வரிசையின் வேலையை வேற்றுமை உருபு தாங்குவதால் சொற்களை அழுத்தத்துக்கு ஏற்ப இடம் மாற்றலாம். பழைய கிரேக்கத்தில் வேற்றுமை ஐந்துதான். நான்காம் வேற்றுமை வடிவமே நம் மூன்றாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவே கிரேக்கத்தில் மூன்றாவதாக ஒரு வினைவடிவம் உண்டு. செயலின் பயன் செய்தவனையே வந்து சேரும்போது அது வரும். ‘மிஸ்தோ’ என்றால் வாடகைக்கு விடுகிறேன். அதையே ‘மிஸ்தூமாய்’ என்றால் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். கடன் கொடுப்பதும் கடன் வாங்கிக்கொள்வதும் இப்படி ஒரே வினையின் இரு வடிவங்கள். ‘கொள்’ என்னும் நம் துணைவினையின் சாயல் இதில் தெரியும். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை வருவதும் கிரேக்க விதி. ‘மாடுங்க வருது’ என்று பேசுகிறவருக்கு இதில் வியப்பு எழாது.

கடினமானவையும் உண்டு. நதி ஆண்பால், மேசை பெண்பால், சிறுபிள்ளை அஃறிணைப்பால் என்ற பாகுபாட்டைப் பொருளை வைத்து ஊகிக்க முடியாது, மனப்பாடமே வழி. வினைகளுக்கு ஆறு அடிப்படை வடிவங்கள். ‘பெரோ’ என்றால் சுமக்கிறேன். சுமப்பேன் என்பதற்கு ‘ஓய்சோ’, சுமந்தேன் என்பதற்கு ‘எனெங்கோன்’ என்று வேரே மாறிவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்கு இன்றைய கிரேக்கம் கற்க 44 வாரங்களை, அதாவது ஏறத்தாழ 1,100 மணி நேரத்தை ஒதுக்குகிறது. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது.

கருவிகள்

லிடெல், ஸ்காட் இருவரும் தொகுத்து 1843-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதி, பல பதிப்புகளில் விரிந்து இன்றும் ஆதார நூலாக இருக்கிறது. 1912 முதல் வரும் லோயப் வரிசை நூல்களில் இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் இருக்கும். அவற்றில் பச்சை அட்டையிட்டவை கிரேக்க நூல்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியூஸ் இணைய நூலகத்தில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணக் குறிப்பு கிடைக்கும்.

ஏன் கற்கவேண்டும்?

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் கைக்கு 1354-இல் ஹோமரின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று வந்தது. அதைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. ஹோமர் தன்முன் ஊமையாக இருக்கிறார் என்று வருந்தி எழுதினார். 1397-இல் மானுவேல் கிறிசொலோராஸ் பிளாரன்சு நகரில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே அந்த ஊமைத்தனம் கலைந்தது. மறுமலர்ச்சி இப்படி ஒரு மொழி வகுப்பிலிருந்தும் வளர்ந்தது.

மொழிபெயர்ப்பு இருக்க மூலம் எதற்கு என்பார்க்கு ஒரு சொல்லே விடை தரும். ஹோமரில் எறிந்த ஈட்டி குறி தவறினால் அதற்கு வரும் வினை ‘ஹமர்டானோ’. அதன் பெயர்ச்சொல்லான ‘ஹமர்டியா’, துன்பியல் நாடகத் தலைவனை வீழ்த்தும் பிழையைக் குறிக்க அரிஸ்டாட்டிலுக்குப் பயன்பட்டது. புனித பவுலின் மடல்களில் அதே சொல்தான் பாவம். மூவரையும் பெயர்ப்பில் படிப்பவருக்கு மூன்று வேறு சொற்களே கண்ணில் படும். குறி தவறுதல் என்ற ஒரே படிமம் எண்ணூறு ஆண்டுகளில் எப்படிக் கனத்துப் போயிற்று என்பது மூலத்தில் மட்டுமே புலப்படும்.

தமிழர் அறியாமலே பேசும் கிரேக்கமும் உண்டு. நாட்காட்டியில் பார்க்கும் ‘ஓரை’, பருவத்தையும் பொழுதையும் குறித்த ‘ஹோரா’ என்ற சொல் வடமொழி வழியாக வந்தது. ‘கேந்திரம்’ என்பதன் மூலம் ‘கென்ட்ரோன்’. முதலில் எருதைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோலின் முனை, பிறகு வட்டம் வரையும் கவராயம் ஊன்றும் புள்ளி, பிறகு மையம். சொற்களாக மட்டுமன்றி நூலாகவும் கிரேக்கம் தமிழுக்கு வந்தது: மறைப்பணியாளர் சீகன்பால்க் கிரேக்க மூலத்தைக் கொண்டு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

இவற்றைவிட நெருக்கமான காரணமும் இருக்கிறது. சங்க காலத் தமிழகத்தைக் கண்டோ கேட்டோ எழுதிய அயலார் பலர் கிரேக்கத்தில் எழுதினர். கி.பி. முதல் நூற்றாண்டின் எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் முசிறியையும், கொற்கையின் முத்துக்குளிப்பையும், குமரியையும் குறிப்பிடுகிறது. முசிறி வணிகம் பற்றிய கடன் ஒப்பந்தப் பாப்பிரஸ் வியன்னாவில் உள்ளது, 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. இவற்றைப் பெரும்பாலும் நாம் ஆங்கிலப் பெயர்ப்பு வழியாகவே அறிகிறோம். பெரிப்ளூஸ் முசிறி இருக்கும் நாட்டை ‘லிமிரிகே’ என்கிறது. ரோமானியச் சாலைப்படமான பொய்ட்டிங்கர் படத்தில் ‘தமிரிகே’ என்று இருப்பதை வைத்து, மூலச்சொல் அதுவாகவே இருக்கவேண்டும், அது தமிழகமே என்று அறிஞர் சிலர் திருத்தினர். கையெழுத்துப் பிரதியில் உள்ளதை மாற்றக்கூடாது என்றனர் வேறு சிலர். கிரேக்கப் பேரெழுத்தில் ‘தமிரிகே’யின் முதலெழுத்தான டெல்டா ஒரு முக்கோணம். ‘லிமிரிகே’யின் முதலெழுத்தான லாம்டா அதே முக்கோணம்தான், அடிக்கோடு மட்டும் இருக்காது.