பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

மக்களுக்கு இடும் பெயர் அழைப்பதற்குரிய ஒலி மட்டும் அன்று. அஃது ஒரு சிறு வரலாற்று ஆவணமும் ஆகும். மேலைநாடுகள் பலவற்றில் குடும்பப் பெயர் ஒன்று தலைமுறைதோறும் மாறாது வருகின்றது. தமிழரிடையே அவ்வழக்கம் பெரிதும் வேரூன்றவில்லை. நம் பெயருக்கு முன் ஓரிரண்டு எழுத்துக்களே நிற்கின்றன. இனிஷியல் என்று நாம் வழங்கும் அவ்வெழுத்துக்களின் வரலாற்றையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

சங்கப் புலவருள் ஒருவர் மதுரை மருதன் இளநாகனார். மதுரை, ஊர், மருதன், தந்தை, இளநாகன், அவர்தம் இயற்பெயர். இனி, உ. வே. சாமிநாதையர் பெயரை நோக்குங்கள். உத்தமதானபுரம், ஊர், வேங்கடசுப்பையர், தந்தை. எத்தனையோ நூற்றாண்டுகள் இடையே கழிந்தும் வரிசை மாறவில்லை. எழுத்துக்களாகச் சுருங்கியது, அவ்வளவே.

தந்தையால் மகன் அறியப்பட்டது போலவே மகனால் தந்தை அறியப்பட்டதும் உண்டு. ஆதன் என்னும் பெயரோடு தந்தை என்னும் சொல் சேர்ந்தால் ஆந்தை என்றாகும் என்பது தொல்காப்பிய விதி. ஆகவே, கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார், பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தையார் ஆவார். அந்த ஆதன் என்னும் பெயர் கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளது. புலவர் பெயரில் வாழும் சொல், வீட்டுப் பாண்டத்திலும் வாழ்ந்திருக்கின்றது.

பெண்களின் பெயர்கள் எங்கே? பழைய ஆவணங்கள் பலவற்றில் பெண் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற அளவிலே நின்றுவிடுகின்றாள். ஆயின் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயர் பெயராகக் குறிக்கின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கும் உரியன. சேரமங்கை, சோழகுலசுந்தரி, ஏகவீரி, எடுத்தபாதம் என்பன அவர்தம் பெயர்களுட் சில. எடுத்தபாதம் என்பது தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடியைக் குறிக்கும். இப்பெயர்களுக்கு முன் தந்தை பெயர் நிற்பதில்லை. சிவனைக் குறிக்கும் நக்கன் என்னும் சொல்லே நிற்கின்றது. இக்கல்வெட்டைப் படிக்குந்தோறும், கோயில் எடுத்த மன்னனுக்கு நிகராக இந்த நானூற்றுவரையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர்கள் எழுதிய நூல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டு நின்றது.

பெயருக்குப் பின்னும் ஒரு வரலாறு உண்டு. அங்கே சாதிப் பட்டங்கள் நின்றன. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றைக் கைவிடுமாறு தீர்மானம் செய்தது. பின்னர்த் தமிழகத்தில் அவை படிப்படியாகக் குறைந்தன. ஊரின் எழுத்தும் பல பெயர்களில் உதிர்ந்தது. எஞ்சியது பெரும்பாலும் தந்தையின் எழுத்து ஒன்றே. தாயின் எழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இன்று சிலர் உளர்.

மாணவர்களே, உங்கள் தந்தை வழியிலும் தாய் வழியிலும் முன்னோர் பெயர்களைக் கேட்டு எழுதிப் பாருங்கள். பாட்டியின் தாய் பெயர் என்ன என்னும் வினாவில் பலருக்கும் எழுதுகோல் நின்றுவிடும். அப்பெயரைச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் வீட்டில் இருப்பாராயின், இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். கல்லில் வெட்டுவார் இல்லாத பெயர்களுக்கு உங்கள் குறிப்பேடே கல்வெட்டு.