எந்த ஷஃபான்? எந்த 03/04?



கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு பத்திரம் வந்தது. ஷஃபானில் தீர்க்க வேண்டிய கணக்கு என்று அதில் இருந்தது. ஆண்டு இல்லை. கடந்த ஷஃபானா, இந்த ஷஃபானா, வரப்போகிற ஷஃபானா என்று கேட்டார்கள். பத்திரத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆண்டுக்கு எண் வேண்டும் என்ற ஆலோசனை அப்படி எழுந்தது, ஹிஜ்ரத் நடந்த ஆண்டை முதலாவதாக வைத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது ஹிஜ்ரி 16 அல்லது 17.

ஆயிரத்து நானூறு வருடங்களுக்குப் பிறகு அதே கேள்வி எங்கள் பாடசாலைக் கணினியில் வந்து நின்றது. எந்த 03/04?

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அனுப்பும் பருவம். பெயர்ப்பட்டியலை நாங்களே எக்செலில் அடித்திருந்தோம். ஏப்ரல் 3இல் பிறந்த மாணவி, அச்சில் மார்ச் 4இல் பிறந்திருந்தாள். அவளுடைய உம்மா பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், இது எங்கட பிள்ளை இல்லையே" என்றார்.

பிழை எங்களுடையதுதான். ஆனால் எப்படி நடந்தது? ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதப் பழகினோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே வைப்பவர்கள். அந்தக் கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தது. நாங்கள் 03/04 என்று ஏப்ரலை அடித்தோம், அது மார்ச் என்று வாசித்தது.

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. 12ஆம் திகதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் கணினி அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். 12ஆம் திகதிக்குள் பிறந்தவர்கள்தான் சத்தமில்லாமல் மாறிப்போவார்கள். 01/01, 02/02 போன்ற 12 நாட்களைக் கழித்தால், வருடத்தில் 132 நாட்கள் இப்படி இரு பொருள் தருபவை. அடையாளம் ஒன்று சொல்கிறோம்: எக்செல் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்பது திகதி, இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து. ஒரே பத்தியில் இரண்டும் கலந்து நின்றால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு திகதி தானே என்று விட முடியாது. எங்கள் நாட்டில் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, பெண்ணென்றால் 500 கூட்டுவார்கள். 2016இல் 12 எண்களாக மாறியபோது ஆண்டு நான்கு எண்களானது, நாளின் கணக்கு மாறவில்லை. மார்ச் 4 என்றால் அந்தப் பிள்ளைக்கு 564. ஏப்ரல் 3 என்றால் 594. பரீட்சை, வங்கி, கடவுச்சீட்டு, வேலை எல்லாவற்றுக்கும் அந்த இலக்கம்தான்.

வன்னியில் இது இன்னும் கனமான விஷயம். 1990 ஒக்டோபரில் நாங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் வீடுகளோடு போயின. எங்கள் தமிழ் அயலவருக்கு 2009இல் அதே கதி. உத்தேச வயதுச் சான்றிதழுக்காக அலைந்தவர்களை இரு பக்கமும் அறிவோம். இங்கே பலரின் கையில் இருப்பது ஒருமுறை தொலைத்துத் திரும்பப் பெற்ற திகதி. அதைக் கணினியில் இரண்டாம் முறை தொலைக்கக் கூடாது.

ஒரே நாளுக்கு இரண்டு திகதி என்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1996இல் வறட்சி, மின்வெட்டு. அரசாங்கம் மே 25இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. அப்போது எங்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில், புதிய நேரத்தில் இருந்தோம். 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பின் ஏ9 பாதை திறந்து, பழைய வளவைப் பார்க்க வந்தவர்கள் ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே திருப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். நள்ளிரவு 12 முதல் 12.30 வரை வவுனியா நகரில் அடுத்த திகதி, கிளிநொச்சியில் முந்தைய திகதி. அந்த அரை மணிக்குள் பிறந்த பிள்ளைக்கு, எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்பதே பிறந்த நாள். எங்கள் மார்க்கக் கணக்கில் மக்ரிபோடேயே அடுத்த நாள் பிறந்துவிடும், அது மூன்றாவது.

2006 ஏப்ரலில் அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விண்டோஸில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற வலயம் அப்போது 6 மணி நேரக் கணக்கில் இருந்தது. திருத்தம் வராத கணினிகளில் சென்னை, கொல்கத்தா என்றிருந்த ஐந்தரை மணி வலயத்தைத் தெரிவுசெய்து சமாளிக்க வேண்டியிருந்தது.

சரி, கணினியில் திகதியின் தோற்றத்தை மாற்றினால் உள்ளே என்ன மாறும்? ஒன்றும் மாறாது. எக்செலுக்குத் திகதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1, 2000 ஜனவரி 1 என்றால் 36526. காட்டுவது சட்டை மாதிரி, எந்தச் சட்டையும் போடலாம். அதனால்தான் அடிப்பதற்கு முன்பே அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். தவறாகப் பதிந்த எண்ணுக்குப் பிறகு எந்தச் சட்டையைப் போட்டாலும் அது தவறான நாள்தான்.

கொன்ட்ரோல் பனலில் 'ரீஜன்' என்ற இடத்துக்குப் போங்கள். குறுந்திகதியை ஆண்டு, மாதம், நாள் என்று வையுங்கள். மாதத்துக்குப் பெரிய 'எம்' போட வேண்டும், சின்ன 'எம்' நிமிடத்துக்குரியது. 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச நியமமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. எங்கள் அடையாள அட்டை இலக்கமும் ஆண்டில்தான் தொடங்குகிறது.

அரபு அமைப்பைத் தெரிவுசெய்தால் விண்டோஸ் ஹிஜ்ரித் திகதியும் காட்டும். அதை ஓரிரு நாள் முன்பின் தள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். பிறை ஊருக்கு ஊர் வேறு நாளில் தெரியலாம் என்பது அதைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் எங்களுக்கு நோன்பும் பெருநாளும் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவித்தலோடுதான், கணினித் திரையோடு அல்ல.

எங்கள் பாடசாலையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தை எழுத்தில் எழுதுகிறோம். அச்செடுத்த பட்டியலைப் பெற்றோர் முன்னால் சத்தமாக வாசிக்கிறோம். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று தெரியும்.

அந்த மாணவியின் விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பினோம். அட்டை வந்த அன்று அவள் தன் படத்தைப் பார்த்தாள். நாங்கள் ஐந்தாம், ஆறாம், ஏழாம் எண்களைப் பார்த்தோம். 594. அல்ஹம்துலில்லாஹ்.