கரமனை ஆற்றங்கரை வழியே



பிழைப்பை முன்னிட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலர், தாம் இருக்கும் ஊரின் கடைத்தெருவை அறிவர். அலுவலகம் செல்லும் வழியை அறிவர். அவ்வூர் ஆற்றை அறியார். ஒரு நிலத்தை நடந்து பழகினாலன்றி அது நமக்கு உரியதாவதில்லை. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கரமனை இதற்கு நல்லதொரு சான்று.

கரமனையில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். தமிழில் கீர்த்தனைகள் பல இயற்றிய நீலகண்ட சிவன் (1839-1900) இங்கு வாழ்ந்தவர். இளமையில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த பாபநாசம் சிவன் அவருடைய பாடல்களில் தோய்ந்தவர். அருகிலுள்ள வலியசாலையே, முதலாம் இராசராசனின் வெற்றிகளுள் ஒன்றாகக் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச்சாலை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். மழைக்காலத்தில் மலரும் காந்தளின் பெயர் அவ்வூர்ப் பெயரில் நிலைத்திருப்பது நினைந்து மகிழத்தக்கது.

அகத்தியமலைத் தொடரில் தோன்றும் கரமனையாறு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. 1933 முதல் நகரத்தார் பருகும் நீர் இவ்வாற்றின் அருவிக்கரையிலிருந்தே வருகிறது. கரமனையைக் கடந்ததும் கிள்ளியாறு இதனுடன் கூடுகிறது. மேலும் தெற்கே சென்றால் திருவல்லம் பரசுராமர் கோயில். ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குப் பலியிட இங்கே பெருங்கூட்டம் திரளும். அதன்பின் பூந்துறை, பனத்துறை என்னும் மீனவர் ஊர்களருகே ஆறு கடலை நெருங்குகிறது. நீர்வரத்துக் குறையும் திங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மழை பெருகினால் அம்மணல்மேடு உடையும். இதனைப் 'பொழி' என்பர்.

இவ்வழியில் நடப்போர்க்குப் பறவைகள் நல்ல துணை. திருவல்லத்துக்கு அண்மையிலுள்ள புஞ்சக்கரி வயல்களிலும் வெள்ளாயணி நன்னீர் ஏரியிலும் நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும் செந்நாரையும் காணப்படும். ஐப்பசிக்குப் பின்னர் வடநாடுகளிலிருந்து வலசைப் பறவைகளும் வந்து சேரும்.

பூக்களுக்கோ இங்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் நிலம் இது. சித்திரை விஷுவுக்குக் கொன்றை; ஆவணி ஓணத்துக்குத் தும்பை; செம்பருத்தியும் வெட்சியும் நந்தியாவட்டையும் எந்நாளும் வேலியோரத்தில் நிற்கும். போதாததைத் தோவாளை அனுப்பும். அவ்வூர் 1956 நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறிற்று, பூக்கூடை வரும் வழி மாறவில்லை. ஓணத்துக்குக் கோலமிடும் மலையாளப் பெண்மணிக்கும், மார்கழியில் கோயிலுக்கு மாலை தொடுக்கும் தமிழ்ப் பெண்மணிக்கும் இன்றும் ஒரே சந்தைதான் பூவளிக்கிறது.

ஆயினும் இவ்வின்பம் தானே நிலைத்திருக்கும் என்று எண்ணலாகாது. உணவுப் பெருக்கத்துக்காக 1950களில் வெள்ளாயணி ஏரியின் நீரை இறைத்து நெல் பயிரிட்டனர். அன்றைய பசிக்கு அது தக்க விடையே. எனினும் ஏரி சுருங்கிற்று. கௌரி பார்வதி பாயியின் ஆட்சியில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, பிற்காலத்தில் நகரக் கழிவு சேரும் கால்வாயாகிவிட்டது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும் சங்குமுகம் கடற்கரையை, 2017 நவம்பரில் வீசிய ஒக்கிப் புயலும் அதன்பின் வந்த கடலரிப்பும் பெரிதும் குறைத்துவிட்டன. சாலையும் இடிந்தது. மாலை நேரத்தில் மக்கள் உலாவிய மணல் பல இடங்களில் அலைக்கு உள்ளாயிற்று.

எனவே, கரமனையில் வாழ்வோர் ஒரு விடுமுறை நாளில் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றின் போக்கிலே பொழிவரை செல்வாராக. வேறு ஊர்களில் வாழும் அன்பர்களும் தத்தம் ஊர் நீர்நிலையை நாடிச் செல்லலாம். பறவையின் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் சொல்லிக் கொடுக்கலாம். பெயரறிந்த பறவை ஓராண்டு வராதுபோனால் அப்பிள்ளை ஏனென்று கேட்கும். ஆற்றைக் காக்கும் எண்ணம் அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.