காற்றின் மௌஸிமும் பிறையின் மௌஸிமும்

கேரளக் கரைக்குச் செல்ல ஏற்ற காலம் எதுவெனக் கேட்டால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பார்கள். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத நாட்கள் அவை. அரபு மாலுமிகளோ இதே கேள்வியை வேறு வகையில் கேட்டனர்: எந்தக் காற்று நம்மைக் கொண்டு சேர்க்கும், எந்தக் காற்று திருப்பி அனுப்பும்?

தென்மேற்குக் காற்று ஜூன், ஜூலையில் மூர்க்கமாக வீசும்போது மலபார்த் துறைகள் அடைபட்டுக் கிடந்தன. அதன் வேகம் தணியும் ஆகஸ்ட், செப்டம்பரில் அரபுக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. பின்னர் வடகிழக்குக் காற்றில் மிளகோடு திரும்பின. இப்பருவத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'மௌஸிம்'. இன்று உலகம் வழங்கும் 'மான்சூன்' அதிலிருந்தே வந்தது.

ஹஜ்ஜுடைய காலத்திற்கும் மௌஸிம் என்றே பெயர். ஆனால் காற்று சூரியனின் கணக்கில் வருகிறது. ஹஜ் பிறையின் கணக்கில் வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ பதினோரு நாட்கள் குறைவு. ஆகவேதான் 15ஆம் நூற்றாண்டின் மாலுமி இப்னு மாஜித், கப்பலேறும் நாட்களைப் பாரசீகப் புத்தாண்டான நைரூஸிலிருந்து எண்ணிக் குறித்தார். இபாதத்துக்குப் பிறையும் கடலுக்குச் சூரியனும் என்பதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தோன்றவில்லை.

சிரமம் ஹாஜிகளுக்குத்தான். முகலாயர் காலத்தில் சூரத்திலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல்கள் பெரும்பாலும் மார்ச் வாக்கில் கிளம்பி, செப்டம்பர் வாக்கில் திரும்பின. ஹஜ் அக்டோபரில் அமைந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் போனவர் ஏழு மாதம் காத்திருந்து ஹஜ் செய்வார். அதற்குள் திரும்பும் காற்று போய்விட்டிருக்கும். அடுத்த காற்றுக்கு மீண்டும் ஏறக்குறைய ஓர் ஆண்டு! வழிச்செலவுக்குக் கொண்டுபோன பொருள் அதுவரை தாங்க வேண்டும். வீட்டாருக்கு விட்டுச் சென்றதும் தாங்க வேண்டும்.

காத்திருந்தவர் எல்லாரும் கரை சேர்ந்ததுமில்லை. 14ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் தூதராகச் சீனா புறப்பட்ட இப்னு பதூதா, கோழிக்கோட்டில் மூன்று மாதம் பருவத்துக்காகத் தங்கினார். துறையில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. உடைமைகளை ஏற்றிவிட்டு, ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அடுத்து எழுந்த புயலில் சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய பொருட்கள் இருந்த சிறு கப்பலோ அவரை விட்டுவிட்டே பாய் விரித்துப் போய்விட்டது. கையில் மிஞ்சியவை பத்து தீனாரும், படுக்க விரித்திருந்த விரிப்பும்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்த பின்னரே நம் ஹாஜிகள் காற்றை எதிர்பாராமல் பிறையை மட்டும் பார்த்துப் புறப்பட முடிந்தது.