புதுச்சேரியில் இரண்டான வெள்ளி

றெஸ்ரோரன்ட் பூட்டி, குசினி கழுவி நள்ளிரவில் வெளியே வரும் எங்களுக்கு, ஒஸ்லோவின் பனிக்கால வானம் நன்றாகவே தெரியும். சப்தரிஷி மண்டலம் இங்கு மறைவதேயில்லை. வசிட்டரும் அருந்ததியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். (கலியாணங்களில் ஐயர் மண்டபக் கூரையைக் காட்டி அருந்ததி என்கிறார். நாங்களும் கூரையைப் பார்த்துத் தலையாட்டுகிறோம்.)

தெற்குத்தான் எங்களுக்கு இல்லை. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு, வைகாசி இரவில் தெற்கு அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே தென்சிலுவையும் அதன் இடப்புறம் இரண்டு பெரிய வெள்ளிகளும் ஞாபகம். அவற்றில் கூடப் பிரகாசமானது ஆல்ஃபா சென்டோரி. கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. அதை முதலில் கண்டது புதுச்சேரியில் என்பதை, பௌதிகம் படித்து இடையில் விட்டுவந்த எங்களுக்கு அங்கே எவரும் சொல்லவில்லை.

கண்டவர் ழான் ரிஷோ, யேசுசபைத் துறவி. 1687இல் பதினான்காம் லூயி மன்னன் சீயத்துக்கு அனுப்பிய கணிதர்களில் ஒருவர். சீயத்து மன்னன் நாராய் வானியலில் ஆசையுள்ளவன். 1688இல் அரண்மனைப் புரட்சி நடந்தது, நாராய் இறந்தான், பிரெஞ்சுக்காரர் துரத்தப்பட்டார்கள். ரிஷோ ஒதுங்கிய இடம்தான் புதுச்சேரி. அதுவும் அமைதியான ஊரல்ல. பிரான்சுவா மார்த்தன் 1674இல் தொடக்கிய சிறு குடியேற்றம். பக்கத்துச் செஞ்சியில் மராட்டிய ராஜாராம் வந்திறங்கியிருந்தான், அடுத்த வருடம் முகலாயர் முற்றுகை.

1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. விடியுமுன் தொலைநோக்கியால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ரிஷோ இந்த வெள்ளி இரண்டாகப் பிரிவதைக் கண்டார். (சீயம் போன முதற் குழுவினர் 1685இல் நன்னம்பிக்கை முனையில் தென்சிலுவையின் அடி வெள்ளியை இரண்டாகக் கண்டிருந்தனர்.)

இதைத் தமிழன் சாதனை என்று மேடையில் சொல்ல எமக்கு உரிமையில்லை. குழாயும் அவருடையது, கண்ணும் அவருடையது. மண் மட்டும் எங்களுடையது. ஆனால் இடம்பெயர்ந்து வந்த ஒருவர், இரவல் கூரையின் கீழ் இருந்துகொண்டு, தன் வேலையை விடவில்லை என்பது எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் 1693இல் இறந்தார். அதே வருடம் ஒல்லாந்தர் புதுச்சேரியைப் பிடித்தார்கள்.

அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 வருடம். ரிஷோவுக்குப் பின் நாலு சுற்று முடிந்துவிட்டது. 1915இல் இன்னெஸ் என்பவர் யோகன்னஸ்பேர்க்கில் மூன்றாவதொன்றையும் கண்டார். சூரியனுக்கு மிகக் கிட்டிய நட்சத்திரம் அதுதான். ரிஷோவின் இரண்டிலிருந்தும் ஒளி வர 4.4 வருடம். எங்களில் சிலரின் அகதி மனுவுக்குப் பதில் வரவும் அவ்வளவு காலம் எடுத்தது.

"அண்ணை, இஞ்ச எப்ப தெரியும்?" என்று கோப்பை கழுவும் தம்பி கேட்டான். தெரியாது. அது தெற்கே 60 பாகைக்கும் அப்பால், நாங்கள் வடக்கே 60இல். அவனுடைய பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர எல்லா நாடும் என்று எழுதியிருக்கிறது. கனாரித் தீவுகள் 28 பாகையில் இருக்கின்றன. அங்கே தெற்குக் கடற்கரையில், வைகாசி நள்ளிரவை ஒட்டி, அடிவானத்துக்கு மேல் ஒரு பாகை மட்டும் எழும்பும். முகில் இருந்தால் அதுவுமில்லை.